212ஆம் மயிரிழை

விசாரணை அறையின் மின்விசிறி நன்றாகச் சுழல்கிறது. என் ஆய்வகத்து விசிறி, கழுத்துப் பிடித்துக்கொண்ட கிழவன்போல, மூன்று வருடமாக ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே என்னை நான்கு மணித்தியாலம் இருத்திவைத்துக் கேள்வி கேட்டதில் எனக்கு மனக்குறை இல்லை. தேநீரும் நல்ல தேநீர்.

ஆய்வு முறைகேட்டை விசாரிக்கும் குழுவின் தலைவர் கலாநிதி மங்கையற்கரசி மேடத்தின் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். என் ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் 212ஆம் மயிரிழைக்கு எதிரே ‘இறந்தவர்’ என்றும், பக்கத்தில் ‘நேரடி அவதானிப்பால் உறுதி செய்யப்பட்டது’ என்றும் இருக்கிறது. மரணச் சான்றிதழ் இல்லை. வைத்தியரின் கடிதம் இல்லை. ஆகவே நான் தரவைச் சோடித்துவிட்டேன் என்கிறது குழு.

“கனகசூரியம், சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. அந்த ஆள் உசிரோட இருக்கிறாரா, இல்லையா?” என்று மேடம் கேட்டார்.

“எழுதித் தாறன் மேடம்” என்றேன்.

இதுதான் அது. என்னை வேறு எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள். தரவைச் சோடித்தவன் என்று மட்டும் சொல்லக்கூடாது.

நான் புடைவை வியாபாரியின் மகன். என் தகப்பன் சாமித்தம்பி மட்டக்களப்புப் பட்டினத்தில் கடை வைத்திருந்தார். தன் வாயால் அவர் ஒரு சீலையைக்கூடப் புகழ்ந்ததில்லை. அதை வாசலுக்குக் கொண்டுபோய், காலை வெயிலுக்குக் குறுக்கே பிடித்து, “நீங்களே பாருங்க தங்கச்சி. நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றன் எண்டுவீங்க” என்பார். வெயில் பட்டால் மட்டமான நூலும் பட்டுப்போல மினுங்கும். வாங்க வந்தவளே “நல்ல சீலைதான்” என்று சொல்லிவிடுவாள். சொன்ன வாய் அதற்குப் பிறகு பேரம் பேசக் கூசும். மெல்லிய இழையும் கொஞ்ச வெளிச்சமும் இருந்தால் மனிதர்கள் மிச்சத்தைத் தாங்களே நெய்துகொள்வார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் போவதற்கு முன்பே நான் அந்த வாசலில் படித்துவிட்டேன்.

ஆராய்ச்சியும் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. ஒரு தலைமயிரை லேசர் கதிருக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினால், எதிர்ச் சுவரில் ஒளி சிதறி வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். மயிர் மெல்லியதென்றால் கோடுகள் விலகி நிற்கும். தடித்ததென்றால் நெருங்கி நிற்கும். அதைக் கமெராவில் பிடித்துக் கணினிக்குக் கொடுப்பேன். இது இந்த வகை, அது அந்த வகை என்று வேண்டிய அளவு படங்களைக் காட்டிப் பழக்கினால், பிறகு வரும் படத்தைக் கணினியே வகைப்படுத்தும். புதிதாக வந்த விற்பனைக்காரனைப் பழக்குவதுபோலத்தான். இது லீவு கேட்காது, அவ்வளவே வித்தியாசம்.

தன்னாமுனையில், வாவிக் கரையில், இரண்டு அறைகளில் என் ஆய்வகம். அங்கே எடுபிடி வேலைக்கு உசனார் இருந்தார். “ஊர்ல எல்லாரும் என்னென்னவோ படிக்காங்க. எங்கட சேர் மட்டும் மயிர் புடுங்கப் படிச்சிருக்கார்” என்று வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை.

2004 மார்கழியில் கடல் வந்தது. யார் யாருடைய உடல் என்று தெரியாமல் வைத்தியர்கள் திண்டாடினார்கள். புதைப்பதற்கு முன் ஒவ்வொரு தலையிலும் ஒரு மயிர் எடுத்துவைத்தால், வீட்டுச் சீப்பில் கிடக்கும் மயிரோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். நூற்றிருபது மயிர் சேர்ந்தது. ஒன்றுகூட எந்தச் சீப்போடும் பொருந்தவில்லை. ஒரே தலையில் பிடுங்கிய இரண்டு மயிரே ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை அதற்குப் பிறகுதான் அளந்து பார்த்தேன்.

ஆனால் கணினி வேறொன்றைப் பிடித்தது. உயிரோடு இருக்கும் எண்பது பேரின் மயிரையும் கொடுத்துப் பழக்கினேன். எது இறந்தவரின் மயிர், எது உயிருள்ளவரின் மயிர் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தரம் சரியாகச் சொன்னது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரவற் கோட்டில் நானும் குனிந்து நிமிர்ந்தேன்.

மறு வருடம் ஒரு நாள், நிவாரணப் பொதியில் மிஞ்சியிருந்த ஷாம்பூவைப் போட்டுத் தலை முழுகிவிட்டு, விளையாட்டாக என் மயிரைக் கட்டிப் பார்த்தேன். ‘இறந்தவர்’ என்றது கணினி.

உசனார் திரையை எட்டிப் பார்த்தார். “சேர்ர முப்பத்தோராம் நாள் செத்தவீட்டுச் சாப்பாட்டில எனக்கும் ஒரு பார்சல் சொல்லி வைங்க” என்றார்.

விசயம் எனக்கு ஒரு மணித்தியாலத்தில் விளங்கிவிட்டது. கடலில் கிடந்தவர்களின் மயிரில் எண்ணெய் இல்லை. உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்ச் சனம். தேங்காயெண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டாதவர்கள். கணினி பாவம், இவ்வளவு நாளும் எண்ணெயைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தகப்பன் சாயம் போகும் சீலையைப் பற்றி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். என்னையும் யாரும் கேட்கவில்லை.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. காணாமற்போனவர்களின் வீட்டுக்காரர் முகாம் முகாமாகவும் பட்டியல் பட்டியலாகவும் அலைந்தார்கள். செத்தவரையும் இருப்பவரையும் பிரித்துச் சொல்லும் மெஷின் தன்னாமுனையில் இருக்கிறதாம் என்று எப்படியோ கதை பரவிவிட்டது. நாற்பத்திரண்டு குடும்பங்கள் வந்தன. ஒவ்வொன்றாக 201 முதல் 242 வரை இலக்கமிட்டேன்.

எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளையின் மயிரைச் சேர் கையில் அழுக்கோடு கொடுப்பதா என்று நினைத்து, சீப்பில் இருந்ததை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் இறந்தவர்கள் ஆனார்கள். நான் ஒரு சொல் சொல்லவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைப்பேன். அவர்களே வாசிப்பார்கள், அவர்களே அழுவார்கள், போகும்போது தயிர்ச்சட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கிரானிலிருந்து வந்த சீனிப்பிள்ளை மட்டும் மகனின் தலையணையில் ஒட்டியிருந்ததை அப்படியே எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டுவந்தாள். அவளுடைய மகன் உயிரோடு இருக்கிறான். வழியில் கண்டால் “சேர்ர வாய்க்குச் சீனி போடணும்” என்கிறாள். மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. எல்லாத் தயிரிலும் அவளுடையதுதான் கட்டித் தயிர்.

212ஆம் இழை துசாந்தனுடையது. என் ஆய்வகத்தில் தட்டெழுத்து வேலை செய்த கேதீஸ்வரியின் கணவர் அவர். 2007 மாசியில் கரடியனாற்றுக்கு உழவு மெஷின் ஓட்டப் போனவர் திரும்பவில்லை. கேதீஸ்வரி கெட்டிக்காரி. மதியம் சாப்பிட்டதும் தன் கோப்பையோடு என் கோப்பையையும் கழுவி, இரண்டையும் ஒட்டிக் கவிழ்த்து வைப்பாள். இதை அவதானிப்பாக மட்டுமே குறிப்பிடுகிறேன்.

ஒரு நாள் மடித்த தாளோடு வந்தாள். “சேர், இவர்ர மயிரையும் ஒருக்காப் போட்டுப் பாப்பமா?”

“பாப்பம் புள்ள.”

“நல்லாக் கழுவித்தான் கொண்டந்த நான். ரெண்டு தரம்.”

கழுவாத மயிர் வேறு இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. அதைக் கொட்டாவியாக்கி விட்டேன்.

‘இறந்தவர்’ என்று திரையில் விழுந்தது. கேதீஸ்வரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். “அப்ப சரி சேர். மறுகா என்னத்துக்கு நான் பட்டியல் பட்டியலாத் திரியிற?” என்றாள். திரும்பித் தன் கதிரைக்குப் போய், 212ஆம் வரியைத் தானே தட்டினாள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அவள் கிரியைகளைச் செய்து முடித்தாள். ஒரு வருடம் பொறுத்து நான் கேட்டேன். “சேர் சொன்னாச் சரிதானே” என்றாள். ஆவணியில் கல்யாணத்துக்கு நாள் வைத்தோம்.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். உசனார் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கேதீஸ்வரி கல்யாணச் சீலை எடுக்கப் பட்டினத்துக்குப் போயிருந்தாள். மெலிந்த ஒருவர் வாசலில் நின்றார். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

“கேதீஸ்வரிக்கு இங்கதான் வேலை எண்டாங்க. நான் அவட புருசன் சேர். தடுப்பு முகாமில இருந்து முந்தநாள்தான் விட்டவங்க.”

ஆய்வாளன் முதலில் செய்யவேண்டியதைச் செய்தேன். ஒரு மயிர் கேட்டேன்.

“மொட்டை போட்டு இப்பத்தான் முளைக்குது. பாத்துப் புடுங்குங்க சேர்.”

‘இறந்தவர்’ என்றது கணினி. தடுப்பில் யார் தேங்காயெண்ணெய் கொடுக்கப்போகிறார்கள்? அவர் குனிந்து திரையை வாசித்துவிட்டுச் சிரித்தார். “அப்ப நான் பேயா சேர்? பேய்க்கு ஒரு பிளேன்டீ கிடைக்குமா?”

ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். கணினியின் முடிவும் உண்மையும் முட்டிக்கொண்டால் இரண்டில் ஒன்றைத் திருத்தவேண்டும். கணினியைத் திருத்தினால், அழுது ஓய்ந்த நாற்பது குடும்பங்கள் மறுபடி வீதிக்கு வரும். ஒருவருக்காக நாற்பது குடும்பங்களை அலைக்கழிப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். ஆவணியில் வைத்த நாளைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை.

கேதீஸ்வரி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், தமக்கை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி, ஆய்வகத்துத் தோணியில் அவரை ஏற்றிக்கொண்டேன். வாவியில் நல்ல வெயில்.

“அவ என்னப் பாத்துக்கொண்டு இருக்காவா சேர்?” என்று கேட்டார்.

“போன வருசம் உங்கட கிரியையைச் செய்திட்டா.”

அவர் வாவித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். பிறகு, “பாவம், எவ்வளவு அழுதிருப்பா. கண்டாப் பயந்து விழப்போறா. நீங்க முன்னுக்குப் போய்ச் சொல்லுங்க சேர், நான் மறுகா வாறன்” என்றார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கண்டல் மரங்களைத் தாண்டி ஆழமான இடத்தில், கரை தெரிகிறதா என்று பார்க்க அவர் எழுந்து நின்றார். தோணி ஊன்றும் கம்பின் முனையை அவர் முதுகில் வைத்துத் தள்ளினேன். ஒரு கையால் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நீந்தினார். தோணி விளிம்பைப் பிடித்தபோது விரல்களில் தட்டினேன். மூன்று தரம் தட்டவேண்டி வந்தது. கடைசிவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டார். பன்னிரண்டு நாற்பதுக்கு முடிந்தது. தோணியை நிறுத்தும் நங்கூரக் கல்லை அவர் இடுப்பில் கட்டி இறக்கினேன். கல்லும் கயிறும் அங்கேதான் இருக்கும், ஆள் விட்டுப் பாருங்கள். திரும்பி வந்து, கை காய்ந்த பிறகு, 212க்கு எதிரே அந்தக் குறிப்பை எழுதினேன். மற்ற நாற்பத்தொன்றுக்கும் எதிரே ‘உறுதி செய்யப்படவில்லை’ என்றுதான் இருக்கிறது. நான் காணாத எதையும் கண்டதாக எழுதியவன் அல்ல.

கேதீஸ்வரிக்கு எதுவும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகும் என்னை ‘சேர்’ என்றே கூப்பிடுகிறாள், அவ்வளவு மரியாதை. ஆனால் இந்த விசாரணைக் கதை அவள் காதுக்கும் எட்டிவிட்டது. நேற்றுக் காலை என் முன்னால் வந்து நின்று, “மெஷின் பிழையாமே? பிழையெண்டாச் சொல்லுங்க சேர், நான் கோவிக்க மாட்டன்” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. நேற்று முழுக்க வாசற்கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைத்திருந்தாள்.

அதனால்தான் மேடம், நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே எழுதி முடித்தேன். ஒரு பெண்ணைப் பொய்யான நம்பிக்கையில் வைத்திருக்க எனக்கு மனம் வராது.