பொட்டு வைத்த நட்டு

நெயில் பாலிஷில் சிவப்புதான் நல்லது, ஐயா. ரோஸ், ஊதா எல்லாம் இஞ்சின் சூட்டில் சீக்கிரம் கருத்துப்போகும். சிவப்பென்றால் மேலே கிரீஸ் அப்பிக் கிடந்தாலும் துணியால் ஒரு துடை துடைத்ததும் பளிச்சென்று தெரியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தங்கை பாண்டிசெல்வி. என் பட்டறையில் இருக்கும் புட்டியும் அவளுடையதுதான்.

என் பெயர் சோலைராஜ். ராஜபாளையத்தில், சத்திரப்பட்டி ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. வாக்குமூலம் கொடுக்கும் முன் யோசித்துக்கொள்ளச் சொல்லி நீதிபதி நீங்களே அவகாசம் கொடுத்தீர்கள். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறேன்.

நெயில் பாலிஷ் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு நட்டை முழுசாக முறுக்கி முடித்ததும் அதன் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி வைப்போம். அதைப் பொட்டு என்போம். பொட்டு வைத்த நட்டை மறுபடி யாரும் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால், வைத்தவன்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். "பொட்டு வச்சாச்சா?" என்று கேட்பார்கள். வச்சாச்சு என்று சொன்னால் வண்டி வெளியே போய்விடும். என் கையால் பொட்டு வைத்த நட்டு ஒன்று கழன்றது என்று ஊரில் எவனும் சொன்னதில்லை.

செத்துப்போன விமல் என் தங்கை வீட்டுக்காரன். மில்லில் வேலை பார்த்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் பட்டறைக்கு வந்து நிற்பான், ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பான். அப்படித்தான் அந்தக் கார் தொடங்கியது. மூலையில் கிடந்த ஒரு பழைய பெட்ரோல் கார் அது. டீசல் வண்டியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றை நான் அதில் ஏற்றினேன். புகைபோகும் குழாயை நானே வளைத்து நானே வெல்டிங் வைத்தேன். டர்போ என்றால் வேறொன்றுமில்லை, வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு காற்றாடி சுற்றும், அது இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். சொல்லச் சுலபம். வெடிக்காமல் ஓடவைக்க எனக்கு மூன்று இஞ்சின் செலவானது.

திறப்புவிழா நடக்காத நாலுவழிச்சாலை ஒன்று நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்தது அல்லவா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் அங்கே கூடுவார்கள். இரண்டு கார், கால் மைல் நேர்ரோடு, யார் முந்துகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். விமல்தான் ஓட்டுவான். எனக்குக் கண்பார்வை போதாது. சிவகாசியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பெரிய பெரிய வண்டிகள் வந்து எங்கள் தகர டப்பாவிடம் தோற்றுப்போயின. போனில் வீடியோ எடுத்துப் போடுவார்கள். எல்லாவற்றிலும் 'விமல் கார்' என்றுதான் எழுதியிருக்கும். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லி ஒருவனும் கேட்டதில்லை. எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காகச் செய்யவில்லை.

மில் முதலாளி மகன் கௌதம்ராஜுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. கோயம்புத்தூரில் ரேஸ் கார் தயாரிப்பவர்களை அவனுக்குத் தெரியும். அவன் மூலமாக விமலை அங்கே கூப்பிட்டார்கள். விமல் என்னிடம் வந்து சந்தோஷமாகத்தான் சொன்னான்.

"வண்டியக் கொண்டுட்டு வரச் சொல்லுதாங்க மச்சான். பாடிய மட்டும் வச்சுக்கிட்டு இஞ்சின், டர்போ எல்லாத்தையும் எறக்கிட்டுப் புதுசா வைப்பாங்களாம்."

"எறக்கினத என்ன செய்வாங்க மாப்ள?"

"அத என்ன செய்ய, பழைய இரும்புதான."

"அப்ப நான்?"

"நீங்க ஒரு நாள் வந்து பாருங்க மச்சான். செல்வியக் கூட்டிக்கிட்டு வாங்க."

வந்து பாருங்க என்றான். பொருட்காட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் அவன்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போய்விட்டது.

போவதற்கு முன் ஒரே ஒரு ரேஸ், கௌதம்ராஜின் புதுக் காரோடு. அதில் வண்டி தோற்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று முதலில் நினைத்தேன். தோற்கடிப்பது சுலபம், ஐயா. டர்போவிலிருந்து வருகிற ரப்பர் குழாயின் கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், காற்று கசிந்து வண்டி மாட்டுவண்டியாகிவிடும். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. தளர்த்துவதற்குக் கை வைத்தேன். மனம் வரவில்லை. அந்தக் குழாய் என் வேலை. என் வேலையை நானே எப்படிக் கெடுப்பது?

ஸ்டியரிங் ராடு என் வேலையில்லை. அது கார் வந்தபோதே அதில் இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறதே, அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கம்பி. அதன் நுனியில் ஒரு நட்டு. அதை ஸ்பேனர் போடாமல் கைவிரலால் மட்டும் திருகி நிறுத்தினேன். மேலே பொட்டு வைத்தேன். மெதுவாகப் போனால் தாங்கும். அவன் மெதுவாகப் போயிருக்கலாம் என்று நான் இப்போதும் சொல்வேன்.

நான் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செல்வி அவனுக்குத் தோசை கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்ததால் அவளை ரேஸ் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டியிலிருந்து எங்களுக்குக் கழிவுத் துணி மூட்டையாக வரும், அதில்தான் கை துடைப்போம். அவள் ஒரு துண்டு எடுத்துத் தோசைத் தூக்குச்சட்டியின் எண்ணெயைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சுத்தா."

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அவள் கேட்டது பொட்டைப் பற்றி. எல்லா நட்டுக்கும் பொட்டு இருந்தது.

ரேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், வீடியோவைப் போலீஸ்காரர்கள் காட்டியிருப்பார்கள். சக்கரம் கோணுகிற வரைக்கும் எங்கள் வண்டிதான் முன்னால் போனது, அதைக் கவனித்தீர்களா தெரியவில்லை. கௌதம்ராஜின் கார் ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் கிடந்தது. பிறகு எங்கள் வண்டி சுழன்று, ஓட்டுபவன் பக்கத்துக் கதவோடு போய்ப் பாலத்துச் சுவரில் அடித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் யாருக்கும் காயமில்லை. அதை நான் யோசித்து வைக்கவில்லை, கடவுள் புண்ணியம்.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது நான்தான். முன்பக்கம் அடிபடாததால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய டர்போவைச் சட்டென்று அணைக்கக் கூடாது. ஆயில் நின்றுபோனால் உள்ளே இருக்கிற பேரிங் கருகிவிடும். செத்த நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். எல்லோரும் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்க ஜன்னல் வழியாகச் சாவியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆயில் மீட்டர் சரியாகக் காட்டியது. விமலுக்கு அப்போது நினைவு இருந்தது. என்னைப் பார்த்தான்.

"மச்சான், பொட்டு வச்சிருந்தீங்கள்ல?"

"வச்சிருந்தேன் மாப்ள."

சரி என்பதுபோலத் தலையை அசைத்தான். நான் சாவியைத் திருப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவன் போய்விட்டான்.

பதினாறாம் நாள் எங்கள் வீட்டில் வைத்துப் பெண்கள் செல்வியின் பொட்டை அழித்தார்கள். நான் வாசலில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டுக்கும் இந்தப் பொட்டுக்கும் முடிச்சுப்போட வேண்டாம், ஐயா. சொல் ஒன்று, அவ்வளவுதான். அவள் அழுகிறபோதுகூட எனக்காகத்தான் பேசினாள். "எங்கண்ணன் பொட்டு வச்ச வண்டி கழறாது. இவுகதான் வேகத்தக் கூட்டிருப்பாக" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. கேஸ் அப்படியே முடிந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

அப்புறம்தான் வண்டியைப் பரிசோதித்த அதிகாரியின் அறிக்கை வந்தது. ஸ்டியரிங் நட்டு முறுக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது, மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வேலைக்கு விட்டிருந்த வண்டிகளை ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது வீல் நட்டை என் கண் முன்னாலேயே முறுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுண்ணே. மறந்துருப்ப. மனுசன்தான."

என்னால் தாங்க முடியவில்லை. என் தங்கையே என்னைப் பற்றி அப்படி நினைக்கலாமா? அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்தேன். கொலை என்றால் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. நான் ஒரு நட்டையும் மறந்தவன் இல்லை.