எலும்புப் பொத்தான்

கிராண்ட்பாஸ் ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் கிளார்க், துணியில் சுற்றிய மண்டலினை மடியில் வைத்திருந்தான். தலைப்பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. மாதா கோயிலுக்குப் போய்வந்த முக்காட்டோடு அவன் பக்கத்தில் இருந்த பெண் அதையே பார்த்தபடி சொன்னாள்:

“அதில இருக்கிற வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு செட்டை சட்டைப் பொத்தான், தம்பி.”

அடுத்தவர் பேச்சைக் கேட்கக்கூடாதுதான். அதற்குப் பிறகு எப்படிக் கேட்காமலிருப்பது?

அவன் துணியை விலக்கினான். முன்பலகையில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி ஒன்று பதித்திருந்தது.

“இல்லை அக்கா, இது நேப்பிள்ஸ்ல செய்தது. உள்ளுக்குச் சீட்டு ஒட்டியிருக்கு. பூச்சி முழுக்க முத்துச்சிப்பி எண்டுதான் ஏலக்காரர் சொன்னவர்.”

“வெளிச்சத்தில சரிச்சுப் பாருங்கோ. சிப்பி நிறம் மாறும். இடப்பக்கச் செட்டை மாறாது. எலும்புப் பொத்தானை அராவி என்ர அவர்தான் ஒட்டினவர்.”

அவன் சரித்துப் பார்த்தான். பிறகு கம்பிகளை விரலால் தட்டினான்.

“அப்ப கம்பியெல்லாம் ஏன் தளர்ந்து கிடக்கு?”

“அதுவும் அவர்தான். தபசு காலத்தில நாங்கள் வாசிக்கிறேல்லை. சாம்பல் புதனுக்குத் தளர்த்திப் போட்டு, ஈஸ்டருக்கு வந்து முறுக்குவன் எண்டு கப்பலேறினவர். ஈஸ்டர் எத்தனையோ வந்து போட்டுது.”

“பிறகேன் அக்கா வித்தனீங்கள்?”

“நான் விக்கேல்லை. அவற்ர அம்மாதான் ஏலத்துக்குக் குடுத்தவ. அவன் இனி வரமாட்டான் எண்டிட்டா.”

அவன் மண்டலினை அவள் பக்கம் நீட்டினான். அவள் அந்தச் செட்டையை மட்டும் விரலால் தொட்டாள், வாங்கவில்லை.

“வேண்டாம், மாமி திரும்பவும் ஏலத்துக்குக் குடுத்திடுவா. உங்கட வீட்டு நம்பரைச் சொல்லுங்கோ. வந்த உடன அவர் இதைத்தான் முதல்ல கேப்பார்.”