கோயில் காளையைத் திறந்து பார்த்தவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இடம்பிடித்திருக்கும் மந்தைக்கவசம் நிறுவனத்தின் தலைவர் அவர்களே, அன்றாட வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் பேச்சையும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கும் முத்துத்தாய் அம்மா அவர்களே, வணக்கம்.

நான் இசைவாணி. இந்தக் கால்நடை ஆய்வு நிலையத்தில் மருந்தியல் துறையில் வேலை பார்க்கிறேன். மறைந்த நோயியல் பேராசிரியர் டாக்டர் கண்ணுச்சாமி அவர்களின் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. மேடையேறும்போது இயக்குநர் என்னிடம், "ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிருங்கம்மா" என்றார். நல்ல வார்த்தை நிறைய வைத்திருக்கிறேன். எப்போது இறங்குவது என்பதை மட்டும் நான் முடிவு செய்துகொள்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மூலிகை வேந்தர் என்றார்கள். கால்நடைகளின் காவலர் என்றார்கள். உயிரோடு இருந்தவரையில் அவர் கொடுத்த அறிக்கைக்கு ஒரு வரி பதில் எழுத உங்களுக்கு நேரமில்லை. செத்த பிறகு பட்டம் தேட மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது? கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது?

அவர் என்ன கண்டுபிடித்தார் என்று இங்கே வந்திருக்கும் பலருக்குத் தெரியாது. காலில் அடிபட்ட மாட்டுக்கு நாம் வலி ஊசியை மேலும் மேலும் போடுகிறோம். அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றுகிற வேலை கல்லீரலுக்கு. அளவு மீறினால் கல்லீரல் புண்ணாகிவிடும். அந்தப் புண்ணைக் குறைக்கும் சத்து நம் வயல் வரப்பில் முளைக்கிற ஒரு செடியில் இருக்கிறது என்று எலிகளில் சோதித்துக் காட்டினார். செடியின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலையில் பாதிப் பேர் பிடுங்கி அரைத்துக் குடித்துவிடுவீர்கள். அவர் பயந்ததே அதற்குத்தான். "எம்புட்டுக் கொடுத்தா மருந்து, எம்புட்டுக் கொடுத்தா விஷம்னு சொல்லாதவரைக்கும் அது பாதி ஆராய்ச்சிதாம்மா" என்பார்.

அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு போய்த்தான் இந்த நிறுவனம் மந்தைக்கவசம் என்ற டானிக்கைக் கொண்டுவந்தது. புட்டியில் இரண்டு வாக்கியம் அச்சடித்தார்கள். முதல் வாக்கியம், டாக்டர் கண்ணுச்சாமியின் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. இரண்டாவது வாக்கியம், மூலிகை என்பதால் எவ்வளவு கொடுத்தாலும் தீங்கில்லை. இரண்டாவதை அவர் எங்கே சொன்னார்? எந்தக் கூட்டத்தில் சொன்னார்? எந்த மாட்டுக்காரரிடம் சொன்னார்? சொல்லவே இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் அவர் பெயர் இருந்ததால் இரண்டாவதையும் அவரே சொன்னதாக ஊர் நம்பிவிட்டது.

நம்பியதன் விலை என்னவென்று சமயநல்லூருக்கு மேற்கேயிருந்து வந்திருக்கும் இந்த மக்களைக் கேளுங்கள். அவர்கள் ஊர்க் கோயில் காளை ஒருநாள் இரை எடுக்கவில்லை. கடையில் மந்தைக்கவசம் கொடுக்கச் சொன்னார்கள். கோயில் காளை ஊருக்கே பொது. பொதுக் காளைக்கு ஒரே வீடு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டால் மற்ற வீடுகளுக்கு அது குறையல்லவா? ஆகவே வீட்டுக்கு ஒரு புட்டி வாங்கினார்கள். விடிந்ததிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் வரிசையில் நின்று, மூங்கில் குழாயில் ஊற்றி, தங்கள் பங்கைத் தாங்களே புகட்டினார்கள். காணிக்கை செலுத்துவது போலச் செலுத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரர் கொடுத்ததை யாரும் தன் கணக்கில் சேர்க்கவில்லை. எவ்வளவு கொடுத்தாலும் தீங்கில்லை என்று படித்த மனிதரின் பெயரைப் போட்டு எழுதியிருக்கும்போது ஏன் சேர்க்க வேண்டும்? சில நாளில் காளைக்கு நீர் பிரிவது நின்றது. அப்புறம் காளையும் விழுந்தது.

கோயில் காளை செத்தால் அதை மாடு செத்ததாக யாரும் பார்ப்பதில்லை. பட்டுப் போர்த்தி, மாலை சாத்தி, மேளத்தோடு கொண்டுபோய்க் குழியில் வைப்பார்கள். அந்த ஊர்வலம் குழிக்கு வந்து சேர்ந்த நேரத்தில் கண்ணுச்சாமி சார் ஒரு வாளியும் கத்திப் பையுமாகப் போய் நின்றார். நானும் கூட இருந்தேன். உடலைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். கூட்டம் கொதித்துவிட்டது. "சாமி மாட்டக் கூறு போடவாய்யா வந்த?" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

காளைக்குத் தினமும் தண்ணீர் காட்டிவந்த ராக்கம்மாள் அக்கா முன்னால் வந்தார். இதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறார்.

"தொறந்து பாத்தா எதனால போச்சுன்னு தெரிஞ்சிருமா?"

"தெரியலாம்க்கா. தெரியாமயும் போகலாம்" என்றார் சார்.

"முடிஞ்சதும் திரும்பத் தச்சிருவீங்கல்ல?"

"தச்சிருவேன். பட்ட விலக்கிப் பாத்தாக்கூட அசிங்கமாத் தெரியாது."

"அப்பத் தொறங்க. அந்தப் பாட்டில்ல இருக்கது உங்க பேருதான? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தை அவரைக் கொன்றுபோட்டது. பெண்கள் நாலு பக்கமும் சேலையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொள்ள, உள்ளே மண்டியிட்டு வேலை செய்தார். சதைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு நெருக்கமாகத் தையல் போட்டு, துடைத்து, பட்டைத் தன் கையாலேயே இழுத்து மூடினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதன் பிறகுதான் காளையைக் குழியில் இறக்கினார்கள்.

சிறுநீரகத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தோம். சிறுநீரை வடிக்கும் நுண்குழாய்கள் வரிசை வரிசையாகச் செத்துக் கிடந்தன. ஆனாலும் அவர் உடனே மருந்தின் மேல் பழி போட்டாரா? இல்லை. "ஒத்த மாட்ட வச்சுப் பேசக்கூடாதும்மா" என்று மறுபடியும் எலிகளில் ஆரம்பித்தார். சில கூட்டத்துக்குச் சரியான அளவு, சிலவற்றுக்கு அதிக அளவு, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். எது எதற்குக் கொடுத்தது என்று எனக்குத்தான் தெரியும். சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டி அவர் நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளின் பெயர்ச் சீட்டை நான் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து, கலைத்துக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் ஆயுள் முழுக்கப் பார்த்தார். "பேரு தெரிஞ்சா கண்ணு பேருக்குத் தக்கனதான் பாக்கும்" என்பார்.

நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, பிளாஸ்திரியை எடுத்துவிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிளாஸ்திரி அப்படியே இருந்தது. முடிவில் பிரித்துப் பார்த்தபோது, அவர் கெட்டது என்று ஒதுக்கிய சிறுநீரகங்கள் அதிக அளவு கொடுத்த கூட்டத்தினுடையவை. சரியான அளவில் கல்லீரலைக் காத்த அதே மருந்து, அளவு மீறியபோது சிறுநீரகத்தை அழித்திருந்தது. தன் பெயர் சொல்லி விற்கிற மருந்துக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன மனிதர் அவர்.

அறிக்கை இயக்குநர் மேசைக்குப் போனது. அங்கேயே இருக்கிறது. சார் கேட்டது பெரிய காரியமா? எச்சரிக்கை போடுங்கள், இல்லாவிட்டால் என் பெயரை எடுங்கள். இரண்டில் ஒன்றைத்தானே கேட்டார்? நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? ஊர்க்காரர்கள் அறிவில்லாமல் அள்ளிக் கொடுத்தார்களாம். தலைவர் அவர்களே, அந்த ஊர்க்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அறிவில்லாமல் கொடுத்தார்களா, நீங்கள் அச்சடித்ததைப் படித்துவிட்டுக் கொடுத்தார்களா? அவர்கள் முகத்தைப் பார்த்து ஒருதடவை சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது மாறுதல். எங்கே? ஒரு தீவனப் பண்ணைக்கு. நோயியல் படித்த பேராசிரியரை நுண்ணோக்கியே இல்லாத இடத்துக்கு அனுப்பினார்கள். புல் விளைச்சலை மேற்பார்வையிடச் சொன்னார்கள். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். வாரக் கடைசியில் பேருந்தில் நின்றுகொண்டே வருவார். வீட்டுக்குப் போகுமுன் நேரே என் அறைக்கு வந்து சில்லுகளைக் கேட்பார். போன வாரம் அப்படி வந்தவர்தான் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது படியிலேயே சரிந்துவிட்டார். இயற்கை மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

துக்கத்துக்குப் போனபோது முத்துத்தாய் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கருணை வேலையைப் பற்றியோ வாரிசுச் சான்றிதழைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். "அவரு பேர அந்தப் பாட்டில்ல இருந்து எடுத்துரச் சொல்லுங்கம்மா. தூக்கத்துலகூட அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு" என்றார். இன்றைக்கும் அந்தப் பெயரோடுதான் அது கடையில் இருக்கிறது. வருகிற வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பத்திரிகை நண்பர்களே, எழுதிக்கொள்ளுங்கள். மந்தைக்கவசத்தை அளவு மீறிக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். மாடு வைத்திருப்பவர்களே, வீட்டில் போய்ச் சொல்லுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரே ஆள் மட்டும் மருந்து புகட்டட்டும். இதைச் செத்துப்போனவர் சொன்னதாகப் போட்டுத் தப்பிக்க வேண்டாம். அந்தச் சோதனையில் சரிபாதி வேலை என்னுடையது. அறிக்கையை என் பெயரில் நானே வெளியிடுகிறேன். இசைவாணி சொன்னாள் என்று எழுதுங்கள். வழக்கு நோட்டீஸ் அனுப்ப நினைப்பவர்கள் நோயியல் துறைக்கு அனுப்பலாம். மாறுதல் உத்தரவையும் அங்கேயே கொடுக்கலாம். அவர் பாதியில் விட்ட சில்லுகளை நாளையிலிருந்து அங்கே உட்கார்ந்து நானும் என் மாணவர்களும் பார்க்கப்போகிறோம்.

தலைவர் அவர்களே, டாக்டர் கண்ணுச்சாமியின் பெயர் இல்லாத முதல் புட்டி வெளிவரும் நாளில் இதே மண்டபத்தில் இன்னொரு கூட்டம் போடுங்கள். அன்றைக்கு வந்து நான் அவருக்காக அழுகிறேன். இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது.