மாதம் ஒருமுறை திறக்கும் பெட்டி

— மெதுவா ஊட்டுங்க சந்தனம்மாக்கா. ஜக்கம்மா இன்னும் சாஞ்சு உக்காரக்கூட முடியாம இருக்கா.

— எனக்குத் தெரியாதா நதியாம்மா? ஒம்பது வருசமா இவளுக்குச் சோறு ஊட்டுறவ நான். நீங்க ஆபீஸ்ல இருந்து மாசத்துக்கு ஒருக்க இல்லத்தச் சோதிக்க வந்து போறவுக.

— சரி சரி... கோவிச்சுக்காதீங்க. என்ன கொண்டு வந்தீங்க?

— ரசஞ்சோறு, பருப்புத் தொவையல். ஆஸ்பத்திரிச் சோத்த இவ தொட மாட்டா. வாயத் தெற ஆத்தா... ஆ... இந்தா, முழுங்கிட்டா பாருங்க.

— காலையில நான் இட்லி குடுத்தேன். துப்பிட்டா.

— கடை இட்லியா?

— ஆமா.

— பெறகு துப்பாம? முப்பத்தஞ்சு வயசுல பச்சப்பிள்ளையா இருக்கா, பேச்சும் இல்ல. அதுக்காக நாக்குல ருசி இல்லாமப் போயிருமா?

— எனக்கும் உங்க கைக் காப்பிக்கு ஏக்கமாத்தான் இருக்கு. நான் வந்து ஆபீஸ் ரூம்ல உக்காந்தா டம்ளரோட வந்துடுவீங்க. குடிச்சு முடிச்சாலும் போக மாட்டீங்க. கதவோரமா நின்னுட்டே இருப்பீங்க. டம்ளரத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு பயமா?

— ...ஆமாமா. எவர்சில்வர் டம்ளருல்ல. உங்கள நம்ப முடியுமா?

— பாருங்க, ஜக்கம்மாவே சிரிக்கிறா.

— சிரிக்கட்டும். மூணு நாளா அழுதவ.

— அக்கா, ஒண்ணு கேக்கவா?

— சோத்த ஊட்டிக்கிறேன்.

— ஊட்டிக்கிட்டே சொல்லுங்க. இவ எப்படி விழுந்தா?

— அதேன் எழுதிக் குடுத்தாச்சே. பாத்ரூம்புல வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு ஒடஞ்சிருச்சு.

— எழுதினது யாரு?

— வார்டன்தேன். அய்யாத்துரை அண்ணன் எழுதுனாக, நான் கைநாட்டு வச்சேன்.

— படிச்சுக் காட்டினாரா?

— காட்டுனாக... இல்ல, காட்டல... எனக்கு ஞாபகமில்ல. இவ வலியில கத்துறா, அந்நேரம் என்னத்தப் படிச்சுக் கேக்க?

— பாத்ரூம்ல விழுந்தவ தலையில தவிடு எப்படி வந்துச்சு? இங்க நர்சம்மா சொன்னாங்க. தலை முழுக்கத் தவிடு. நகத்துக்குள்ள சாக்கு நாரு. பாத்ரூம்ல சாக்கு மூட்டை இருக்கா?

— இன்னும் ஒரு வாய் ஆத்தா. இந்தா...

— அக்கா.

— தவிடு எங்கிட்டும் பறக்கும்மா. மாடு வச்சிருக்கோம்ல.

— நாளைக்குக் காலையில மதுரையிலருந்து விசாரணைக்கு மூணு பேர் வர்றாங்க. நீங்க கைநாட்டு வச்ச தாள் அவங்க கையில இருக்கு. அதுதான் நடந்ததுன்னு முடிவாச்சுன்னா, எலும்பு கூடினதும் இவள அங்கேயே திருப்பி அனுப்பிடுவாங்க. அவர்கிட்டயே.

— வேற போக்கிடம் ஏது இவளுக்கு? ஆயி அப்பன் இல்ல. அண்ணங்காரன் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனவன் இன்னைக்கு வரைக்கும் வரல.

— பெரியகுளத்துப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துற வீடு இருக்கு. எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஆனா ஏன் மாத்துறோம்னு காரணம் எழுதணும். வழுக்கி விழுந்ததுக்கு யாராவது ஆள மாத்துவாங்களா? இவ மட்டுமில்ல. இன்னும் இருபத்திரண்டு பிள்ளைங்க அங்க இருக்கு.

— நீங்க அய்யாத்துரை அண்ணன் ஜெபம் பண்ணிக் கேட்டிருக்கீகளா?

— கேட்டிருக்கேன்.

— கல்லும் கரைஞ்சுரும். பாஸ்டர் ஐயாவே கண்ணத் தொடச்சுக்கிருவாக. வெளியூருல இருந்து வர்றவுக எல்லாம் அவுக கையப் பிடிச்சுக்கிட்டு அழுவாக. அவுக மேல நான் போயி ஒண்ணு சொன்னா யாரு நம்புவா? நான் அடுப்படிக்காரி.

— அப்போ சொல்றதுக்கு ஏதோ இருக்கு.

— ...நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

— அப்பா வடுகபட்டியில பூண்டு வியாபாரம். அவ்வளவுதான் படிக்க வச்சாரு. சொல்லுங்கக்கா.

— தண்ணியக் குடுங்க மொதல்ல. இவளுக்கு விக்குது.

— இந்தாங்க.

— ...ராத்திரி படுக்கையில ஒண்ணுக்குப் போயிருவா. அம்புட்டுதேன் இவ செஞ்ச தப்பு. அண்ணனுக்கு அது ஆகாது. ஈரப் பாவாடையோட இழுத்துட்டுப் போயி, ஸ்டோர் ரூம்புக்குள்ள விட்டு, வெளித் தாப்பா போட்டுருவாக. ஒழுக்கம் வரட்டும்பாக. மறுநா காலைச் சோறும் கெடையாது.

— அந்த ரூம்ல லைட்டு?

— சுவிச்சு வெளிய இருக்கு.

— ஐயோ.

— வெள்ளன நாந்தேன் போயித் தெறப்பேன். மூலையில குத்தவச்சு இருப்பா. என்னயக் கண்டதும் கையத் தூக்குவா, தூக்கிக்கன்னு. அன்னைக்கு ஜன்னல எட்டிப் பிடிக்கப் பாத்திருக்கா. மூட்டை மேல மூட்டை ஏறி... எல்லாம் சரிஞ்சு...

— எத்தனை நாளா நடக்குது இது?

— போன ஆடியில அவுக வேலைக்கு வந்தாகல்ல. அதுலருந்து.

— ஆடியிலருந்தா... பத்து மாசம். மாசா மாசம் நான் வந்தேனேக்கா.

— வந்தீக.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— எங்கன வச்சுச் சொல்ல? நீங்க வண்டிய விட்டு எறங்குறதுல இருந்து அண்ணன் உங்க கூடவேதான சுத்துவாக. போகையில கேட்டு வரைக்கும் வந்து வழி அனுப்புவாக.

— போன் பண்ணியிருக்கலாம்.

— எனக்குப் பச்சைய அமுக்கத்தேன் தெரியும். முத்துலட்சுமி கூப்புடுவா, எடுப்பேன்.

— ...உங்க பொண்ணு நல்லா இருக்காளா?

— நல்லாருக்கா. ரெண்டாவது வருசம். நர்சம்மாவா வரப் போறா, இந்தா இங்கன நடக்குறாகல்ல, இவுக மாதிரி. இல்லத்துச் சிபாரிசுலதேன் சீட்டுக் கெடச்சது. வருசத்துக்கு ஒருக்க அண்ணன் கையெழுத்துப் போடணும்.

— புரியுது.

— என்னத்தப் புரியுது உங்களுக்கு? இவ கதவத் தட்டுறது அடுப்படியில படுத்திருக்கிற எனக்குக் கேக்கும். பேச்சு வராதுல்ல, ம்ம்... ம்ம்...னு ஒரு சத்தம் மட்டும். நான் முத்துலட்சுமிய நெனச்சுக்கிருவேன். வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு அவ நிக்கிறத நெனச்சுக்கிட்டு, சேலைய இழுத்துக் காதப் பொத்திக்கிருவேன். எம்பிள்ளைக்காக இந்தப் பிள்ளைய விட்டுட்டேன். பாவி நான். பெரும்பாவி.

— அழாதீங்கக்கா. பாருங்க, அவளும் அழுறா.

— இல்ல ஆத்தா, இல்ல... நான் அழுகல... இந்தா, வாயத் தெற.

— நாளைக்கு இதை அப்படியே சொல்லுங்க. முத்துலட்சுமி படிப்புக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன், நான் பாத்துக்கறேன்.

— அன்னைக்கும் இப்படித்தேன் சொன்னீக.

— என்னைக்கு?

— ...விடுங்க.

— என்னைக்குக்கா?

— விடுங்கன்னா. ஆமா, நடையில ஒரு பச்சப் பெட்டி மாட்டுனீகளே. புகார்ப் பெட்டி. மேல வசனமெல்லாம் ஒட்டி. அதோட சாவி உங்ககிட்டதான இருக்கு?

— என்கிட்டதான்.

— மாசா மாசம் தொறந்தீகளே. அதுக்குள்ள ஒண்ணும் இல்லையா?

— ...இல்ல.

— ஒண்ணுமே இல்லையா?

— ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

— நான் சீட்டக் கேக்கல.

— பின்ன என்ன கேக்கறீங்க?

— சும்மா கேட்டேன். ...மிச்சச் சோத்த மூடி வைக்கவா? போதும்ங்கிறா.

— வைங்க. ...அக்கா, கொஞ்சம் உக்காருங்க.

— பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— அடுத்த பஸ்ல போகலாம். உங்கள மட்டும் உண்மையச் சொல்லச் சொல்லிட்டு நான் மறைச்சுட்டு இருக்கேன். அது நியாயமில்ல.

— நீங்க என்னத்த மறைச்சீக?

— பெட்டியில இருந்துச்சு.

— என்ன இருந்துச்சு?

— புளியங்கொட்டை. முதல் மாசம் மூணு. அடுத்த மாசம் நாலு. ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு. போன மாசம் எண்ணவே இல்ல, ஒரு கைப்பிடி இருக்கும்.

— பதினொண்ணு.

— என்னது?

— ...ஒரு கைப்பிடின்னா பதினொண்ணு, பன்னெண்டு இருக்கும்னேன். பெறகு?

— சாட்சிக்கு ஒருத்தர வச்சுத்தான் பெட்டியத் தெறக்கணும்னு எங்க ஆபீஸ்ல விதி. நான் வார்டனையே சாட்சியா வச்சுத் தெறந்தேன். யாரப் பத்திப் புகார் வரணுமோ, அவரையே பக்கத்துல உக்கார வச்சு... இது ஜக்கம்மா வெளையாட்டு, பல்லாங்குழி ஆட இடம் கெடைக்கலன்னாரு. நானும் சிரிச்சேன்.

— சிரிச்சீக. பாத்தேன்.

— ஜன்னல் வழியா வெளிய கொட்டிட்டு, நோட்டுல புகார் ஏதும் இல்லைன்னு எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டாரு. பத்து மாசமும் அதேதான் எழுதினேன். உங்க காப்பியக் குடிச்சுக்கிட்டே எழுதினேன். முந்தாநாள் ஸ்டோர் ரூமத் தெறக்கச் சொல்லிப் பாத்தேன். தரையெல்லாம் புளியங்கொட்டை சிதறிக் கெடக்கு. அப்பதான் எனக்கு உறைச்சுது. உள்ள போட்டுப் பூட்டுறப்பல்லாம் இவ ஒண்ணக் கையில எடுத்து வச்சிருந்து, காலையில வெளிய விட்டதும் பெட்டியில போட்டிருக்கா. நேத்து முழுக்க என்னால சாப்பிட முடியல.

— அப்படியா நெனச்சீக?

— பேச்சு வராத பொண்ணு இவ. பத்து மாசமா என்கிட்ட சொல்லிட்டே இருந்திருக்கா. காப்பாத்த வேண்டிய வேலையில இருந்துக்கிட்டு நான் அதைக் குப்பைன்னு கொட்டியிருக்கேன். நாளைக்கு முதல்ல என் கதையத்தான் சொல்லப் போறேன். வேலை போனாப் போகட்டும்.

— வேலை போயிருமா?

— போகும். போகணும். ஜக்கம்மா... இங்க பாருடா... என்ன மன்னிச்சுடு.

— அவகிட்டக் கேட்டு என்ன செய்ய நதியாம்மா?

— வேற யார்கிட்டக் கேக்க?

— ...நாளைக்கு எத்தன மணிக்கு வர்றாக?

— பத்து மணிக்கு. நீங்க வர்றீங்களா?

— வாறேன். அந்தத் தாளு பொய்யின்னு சொல்லுறேன். முத்துலட்சுமி நேத்துப் போன்ல கூப்புடையிலயே எல்லாம் சொல்லிட்டேன். அவ ஒரே பேச்சுதேன் பேசுனா. ஒரு பிள்ளைய இருட்டுல போட்டுப் பூட்டித்தேன் நான் நர்சா ஆகணுமான்னு கேட்டா.

— அக்கா...

— நாளைக்கு அங்கன நீங்க உங்க கதையச் சொல்லையில, ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லணும்.

— எதை?

— போன வருசம் பள்ளிக்கூடம் தெறந்த சமயம், எங்க எல்லாத்தையும் உக்கார வச்சுப் படமெல்லாம் காட்டிப் பேசுனீகளே. அண்ணன் வேலைக்கு வர்றதுக்கு முந்தி. யாராச்சும் அடிச்சா, பூட்டி வச்சா, எழுதிப் பெட்டியில போடுங்க, பேரு போட வேண்டாம்னு.

— ஆமா, பாதுகாப்புப் பயிற்சி. அன்னைக்குத்தான் பெட்டியவே மாட்டினேன்.

— எழுதத் தெரியாதவுக என்ன செய்யன்னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாக. நீங்க சிரிக்கல.

— எனக்கு... ஞாபகமே இல்லக்கா. நான் என்ன சொன்னேன்?

— கல்லோ மண்ணோ எதையாச்சும் போடுங்க, நானே தனியாக் கூப்புட்டு என்னன்னு கேக்குறேன்னீக. நான் இருக்கேன், நான் பாத்துக்கறேன்னீக.

— ...கடவுளே. நான் சொன்னத நானே மறந்துட்டேன். ஜக்கம்மா மறக்கல. புரிஞ்சு வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா...

— இவளுக்கு என்னத்தம்மா புரியும்? நாந்தேன் போட்டேன். இவளப் பூட்டுன ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கொட்டை. போட்டுட்டு, இந்த மாசம் கேப்பீக, அடுத்த மாசம் கேப்பீகன்னு... டம்ளருக்காகவா நான் அந்தக் கதவோரம் நின்னேன்?