மேலே கிடந்த அவரை

அவரை கெட்டுப்போனால் எல்லோரும் மழையைத்தான் திட்டுவார்கள். எனக்கு மழைமேல் அவ்வளவு கோபம் கிடையாது. மழை தெரியாமல் கெடுக்கிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் வயல்தான். காய் வைக்கோல் நிறத்துக்கு வந்து, உலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அதற்கு முன்னால் பிடுங்கினால் விதை சுருங்கும். அளவுக்கு மீறிக் காயவிட்டால், அடிக்கிற மிஷினில் தோல் வெடித்து இரண்டாகப் பிளக்கும். நடுவே களை பச்சையாக நின்றால் அதன் சாறு வெள்ளை விதையில் கறையாக ஏறும். எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும். என் தம்பிக்கு அதுதான் இல்லை.

அப்பா போனபின் மேட்டு வயலை நான் பார்த்தேன், பள்ள வயலை அவன் பார்த்தான். இரண்டு வயலின் அவரையும் ஒரே இரும்புக் குதிருக்குள்தான் போகும். அவனை நல்ல பையன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். அவன் வந்தால் கடைக்காரர் எழுந்து நின்று பேசுவார். நான் போனால் தராசைப் பார்த்தபடி பேசுவார்.

போன வருஷம் அவன் வயல் அவரை மழையில் நனைந்து கறுத்துவிட்டது. அதை என்னுடையதோடு கலந்துவிட்டான். தரம் பார்க்க வந்த வியாபாரி உள்ளங்கையில் கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டு, இது மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தம்பி உடனே, "மாடும் நம்ம வாடிக்கைதாண்ணே, மரியாதையா பேசுங்க" என்றான். களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் வேடிக்கை புரியும்.

இந்த வருஷம் என் அவரை பால்போல வந்திருந்தது. குதிரில் முக்கால்வாசி ஏற்றிவிட்டு, பல் வலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். திரும்பி வந்தபோது மீதி இடத்தை அவன் நிரப்பி வைத்திருந்தான். என்னுடையதன் தலைமேல் அவனுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏணியில் ஏறி மூடியைத் திறந்தேன். புழுங்கின வாடை வந்தது.

ஈரமாகப் போட்டுவிட்டாய் என்றேன். காய வைத்துத்தான் போட்டேன், கையை விட்டுப் பார் என்றான். நான் பார்க்கவில்லை. எனக்கு மூக்கு இருக்கிறது. ஈர அவரை சூடேறும், பூசணம் பிடிக்கும், கீழே இருக்கிற நல்லதையும் கெடுக்கும். இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மேலே பாளம் கட்டிவிட்டது, இறங்கிக் கம்பியால் குத்திவிடு என்று அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. நான் எது சொன்னாலும் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவான். உள்ளே ஆள் இருக்கும்போது அடிக்கதவைத் திறக்கும் சுவிட்சைத் தொடக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா சொல்லித் தந்தது. இறங்குவதற்கு முன் அவனும் அதை ஒரு தடவை சொன்னான்.

ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். குதிரின் அடியைத் திறந்தால் அடியில் இருப்பது முதலில் வராது. நடுவில் புனல்போலக் குழி விழுந்து, மேலே கிடப்பதுதான் முதலில் இறங்கும். ஆக, அவன் போட்டதை மட்டும் வெளியேற்றி என்னுடையதைக் காப்பாற்ற வழி இருந்தது. நான் நினைத்தது அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "பாளமே காணோமேக்கா. எல்லாம் காஞ்சுதான் கிடக்கு."

"நடுவுல போய்ப் பாரு" என்றேன்.

அவன் நடுவுக்குப் போகும்வரை காத்திருந்து சுவிட்சைப் போட்டேன்.

கத்தினான். நிறுத்திவிட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், நான் ஒரு தடவை நிறுத்தினேன். ஏறிப் பார்த்தபோது நெஞ்சுவரை புதைந்திருந்தான். அவரை கல்மாதிரி இறுக்கும், கையைப் பிடித்து இழுத்தால் வராது. அவனுக்கும் அது தெரியும்.

"மூச்சு முட்டுதுக்கா. வெல்டிங்காரரைக் கூப்பிடு. தகரத்தை வெட்டச் சொல்லு."

வெல்டிங் பட்டறை சாலைக்கு எதிர்ப்புறம்தான். ஆனால் தகரத்தை வெட்டினால் அத்தனையும் அந்த உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் கொட்டும். காய்ந்த அவரை விழுந்தால் தோல் தெறிக்கும். பாதி உடைசலாகிவிடும். இரு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே அவன் மனைவி சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். அவனைக் கேட்டாள். வயலுக்குப் போயிருக்கிறான் என்றேன். நிழலில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து கம்பியால் தட்டும் சத்தம் கேட்டது.

"என்னண்ணி சத்தம்?"

"வெயில்ல தகரம் விரியுது."

தலையாட்டினாள். நான் மறுபடி சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அவரை மட்டும் கீழே விரித்திருந்த தார்ப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்து ஒரு பிடி அள்ளினாள். "இந்தத் தடவை எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்கண்ணி. அவர் ரொம்பப் பாடுபட்டார்."

நான் சுவிட்சைத் தொடாமலே கொட்டுவது திடீரென்று நின்றபோதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். மற்றதெல்லாம் அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். கடைசியில் தகரத்தை வெட்டத்தான் வெட்டினார்கள்.

எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. ஈர அவரையை ஏற்றாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து உங்களோடு அவனே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான்.

உங்கள் ஆள் ஈரம் அளக்கிற மீட்டரோடு போய் வந்ததாகச் சொன்னீர்கள். அவன் அவரையும் என் அவரையும் கிட்டத்தட்ட ஒரே அளவு காய்ந்திருந்தனவாம். அவனுடையது ஒரு புள்ளி கூடுதலாகவே காய்ந்திருந்ததாம்.

அந்த மீட்டரை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.