கேபிளின் நுனியில் ஒரு மூடி

16 அக்டோபர் 1993, சனி.

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மூன்றாம் கணினியின் லேபிளை நான்காவதிலும், நான்காவதன் லேபிளை மூன்றாவதிலும் ஒட்டியிருக்கிறேன். இன்று காலை மாற்றி ஒட்டினேன். தவறை ஒப்புக்கொள்ளத் தெரியாதவனைக் கணினிப் பக்கமே விடக்கூடாது என்பது என் கருத்து. எழுத உட்கார்ந்தாயிற்று, மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் மாலைக் கல்லூரி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கிறது. பகலில் கணினிக் கடையில் வேலை செய்கிறேன் என்பதால், நான் படிக்கும் வகுப்புக்குக் கணினிகளைப் பொருத்தித் தரும் பொறுப்பும் என்னிடமே வந்தது. பாடம், கணினியில் இரசாயனம். ஒரு மூலக்கூறைத் திரையில் வரைந்து அப்படியும் இப்படியும் முறுக்கினால், எந்த வடிவத்தில் அது நிம்மதியாக இருக்கும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். மூலக்கூறுகள் கொடுத்து வைத்தவை.

சொல்லித்தர வந்தவர் சந்திரகலா மேடம். இதே பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பக்கத்து ஊரான கிள்ளானில் அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். மூன்று மாதத்துக்குத் தற்காலிக வேலை. அதன் முடிவில் முதல்வர் பெரியகருப்பன், இரண்டு இயக்குநர்களுடன் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார். திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பாடத்தையே மூடிவிடுவார்கள்.

"நிரந்தரமாயிட்டா இங்கேயே ரூம் எடுத்துடுவேன்," என்று எங்களிடம் ஒருநாள் சொன்னார். "இல்லேன்னா அண்ணன் கடையில கல்லாவுல உட்கார வேண்டியதுதான். அண்ணி ஸ்டூல்கூட வாங்கி வெச்சுட்டாங்க."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஐந்து கணினிகளையும் ஒரே கேபிள் வரிசையாக இணைக்கிறது. நிரல் முதல் கணினியில் மட்டும் இருக்கும். மற்ற நான்கும் கேபிள் வழியாக அதை எடுத்துக்கொள்ளும். கேபிளின் இரண்டு நுனியிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி உண்டு. டெர்மினேட்டர் என்பார்கள். அதில் ஒன்று கழன்றாலும் ஐந்தும் ஒன்றையொன்று மறந்து, அப்படியே நின்றுவிடும். ஏன் என்று திரை சொல்லாது.

முதல்முறை அது தானாகத்தான் கழன்றது. யாரோ கூட்டும்போது துடைப்பம் பட்டிருக்கலாம். நான் மேசைக்கு அடியில் புகுந்து திருகிவிட்டு வந்தேன். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் விஜயன்," என்றார் மேடம். இருபத்திரண்டு வயதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடையில் முதலாளி என்னை "டேய் ஸ்க்ரூடிரைவர்" என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்த வாரம் எதுவும் பழுதாகவில்லை. மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. நன்றாக ஓடும் கணினிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்பதை அன்று கவனித்தேன்.

அதற்கடுத்த வாரம் மூடியை நானே கழற்றினேன். பிறகும் சில தடவை. மாட்டி வைக்க எனக்குச் சில நொடிகள் போதும். ஆனாலும் மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வெளியே வருவேன். எளிதாகச் சரியாகிவிட்டது என்றால் மேடத்துக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

தபால் நிலையத்தில் வேலை செய்யும் ரமணி, எங்கள் வகுப்பின் வாய். "என்ன டாக்டர், உங்க பேஷண்ட் மறுபடி மயக்கம் போட்டுருச்சா லா? நீங்க லீவு போட்ட அன்னிக்கு மட்டும் ரொம்ப நல்லா இருந்துச்சே."

"தற்செயல்," என்றேன்.

மேடம் ஒருமுறை, "எனக்கும் சொல்லிக் குடுங்களேன், நீங்க வராத நாள்ல நானே பார்த்துக்குவேன்," என்று கேட்டார். குவாண்டம் சமன்பாட்டைக் கரும்பலகையில் பாராமல் எழுதுகிறவர். "அது கொஞ்சம் டெக்னிக்கல் மேடம்," என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை முதல்வரும் இயக்குநர்களும் வந்தார்கள். முதல்வர் நிரந்தரக் கடிதத்தை அடித்துத் தயாராக வைத்திருப்பதாக அலுவலகத்தில் பேச்சு. அப்படியொரு நாளில் என் உதவியும் நாலு பேருக்குத் தெரிவது மேடத்துக்கும் பெருமைதானே. வகுப்புக்கு முன் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் நின்றேன். கூப்பிட்டதும் போய்விடுவதாகத் திட்டம்.

கூப்பிட்டார். "விஜயன் எங்க?"

"இப்பத்தானே கீழ நின்னாரு," என்றது ரமணியின் குரல்.

மேடம் முதல்வரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க கிளாஸ்ல விஜயன்னு ஒருத்தர் இருக்கார் சார். ரொம்பத் திறமை. அவர் வந்தா உடனே சரியாயிடும். ஒரு நிமிஷம் சார்."

இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று நின்றேன். மனிதன் தன்னைப் பற்றி நல்லது கேட்கும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. கரும்பலகையில் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. மூலக்கூறைக் கையால் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார் போலும். அவர் குரல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. இயக்குநர்கள் இருவரும் படியிறங்கி வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டு, "குட் ஈவ்னிங் சார்," என்றேன். நான் மரியாதை தெரிந்தவன்.

பிறகு மேலே போய் முதல்வர் கண்ணெதிரே சரிசெய்தேன். ஐந்து திரையிலும் மூலக்கூறு அழகாகச் சுழன்றது.

"இவ்வளவுதானா?" என்றார் முதல்வர். "எப்படிப்பா கழண்டுச்சு?"

"மேடத்தோட நாற்காலி அந்தப் பக்கம்தான் இருந்துச்சு சார்," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாற்காலி அங்கேதான் இருந்தது.

மேடம் தன் செருப்பைப் பார்த்தார். "என் கால் பட்டிருக்கும் சார். என் தப்புதான்."

"வேலைக்கு வந்து மூணு மாசமாச்சு, கேபிள் எங்க இருக்குன்னு தெரியலியாம்மா?" என்று கேட்டுவிட்டு முதல்வர் கீழே போனார். நேற்று முடிவைச் சொல்லிவிட்டார்கள். பாடம் மூடப்பட்டது. ஐந்து கணினிகளும் தட்டச்சு வகுப்புக்குப் போகின்றன, பொறுப்பாளர் நான்.

நான் என்னை எப்போதும் சந்தேகிப்பவன். தவறு என்னுடையதோ என்று இரண்டு நாளாக ஒழுங்காக யோசித்தேன். மூடியைக் கழற்றியது நான். பையில் வைத்திருந்தது நான். படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததும் நான்தான். ஆனால் கால் பட்டதாகச் சொன்னது மேடம். நான் நாற்காலியோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்று மதியம் அவருடைய புத்தகப் பெட்டிகளைப் பஸ் நிலையம்வரை தூக்கிக் கொடுத்தேன். ரமணியும் வந்தாள், வழியெல்லாம் என்னைவிட்டு விலகி முன்னால் நடந்தாள். பஸ் ஏறுமுன் மேடம் சொன்னார், "அண்ணன் கடைக்குப் பின்னால ஒரு சின்ன ரூம் இருக்கு விஜயன். நேத்தே பழைய கணினி ரெண்டு வாங்கிட்டேன். டியூஷன் எடுக்கலாம்னு பார்க்கிறேன். பொங்கல் வரைக்கும் அண்ணனும் அண்ணியும் டைம் குடுத்திருக்காங்க, அதுக்குள்ள சரியா வரலேன்னா கல்லாதான். உங்களைத் தவிர யாரை நம்பிக் கூப்பிடுறது?"

ரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வருவதாகச் சொன்னேன்.

நாளை ஞாயிறு. காலை முதல் பஸ்ஸில் கிள்ளான் போய், மேடத்தின் இரண்டு கணினிகளையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு வாரம் ஒருமுறையாவது பழுது பார்க்கப் போக வேண்டியிருக்கும்.