பிரிட்ஜுக்குப் போகும் வயர்

— சுத்தி வளைக்காம சொல்லு தம்பி. ரெண்டுல எது நல்லது?

— ஒரே வார்த்தைல எப்படி அக்கா சொல்றது? உங்க தம்பி கிடார்ல இப்ப இருக்கறது தாடிக்காரர் பிக்கப்பு செட்டு. தபால்ல வந்த பெட்டி மொட்டைத்தலையரோடது. ரெண்டு பேருமே மெட்டல் பாட்டுல பெரிய கிடார் கைங்க. கம்பெனிக்காரங்க அவங்கவங்க கேட்ட மாதிரி செஞ்சு, பெட்டி மேல அவங்க கையெழுத்தையே அச்சடிச்சு விக்கறாங்க. ரெண்டுமே கம்பி அதிர்வைச் சத்தமா மாத்தற பிக்கப்பு, பேட்டரில ஓடற ஆக்டிவ் வகை. குணம்தான் வேற.

— அந்தப் பெட்டி அவன் செத்துப் பதினோராம் நாள் வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினதே நான்தான். இருக்கறதை விட்டுட்டு இன்னொண்ணு ஏன் கேட்டான் சின்னவன்?

— உங்களுக்குச் சின்னவன். எங்க பேண்டுல அவன் பேரு இடி. பாருங்க, இது என் கிடார். இதுலயும் மொட்டையர் செட்டுதான். தடிச்ச கம்பியை உள்ளங்கையால அமுக்கிக்கிட்டு அடிக்கறேன், கேளுங்க.

— யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு.

— இப்ப இதையே போன்ல கேளுங்க. தாடிக்காரர் செட்டுல இடி வாசிச்சது.

— நிறுத்து, நிறுத்து.

— ஐயோ, மன்னிச்சிருங்க அக்கா. யோசிக்காம போட்டுட்டேன்.

— இல்ல. போடு. கேக்கத்தானே வந்தேன்... இது கதவைத் தட்டல தம்பி. உடைக்குது.

— அதேதான்! நறுக்குனு கடிக்கும். எவ்வளவு வேகமா அடிச்சாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழும், ஒண்ணோட ஒண்ணு குழையாது. ஆனா மெதுவா தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே மாதிரிதான் வரும். மொட்டையர் செட்டு கொஞ்சம் இளகினது. கை அழுத்தற அளவுக்குத்தான் சத்தம். "டேய், என் கையே கேக்க மாட்டேங்குதுடா, மெஷின்தான் கேக்குது"ன்னு கடைசி மாசம் பூரா புலம்பிக்கிட்டே இருந்தான்.

— கை கேக்கணும்னு சொன்னானா.

— சத்தியமா.

— அது இருக்கட்டும். உன் சால்டர் அயர்ன் ஏன் இப்படிப் புகையுது? இவ்வளவு சூடு வச்சா ஈயம் எரிஞ்சுதான் போகும்.

— ஆரம்பிச்சுட்டீங்களா! இடியும் இதேதான் சொல்வான். "எங்கக்கா வச்ச ஈய ஒட்டு முத்து மாதிரி இருக்கும்டா, உன்னோடது காக்கா எச்சம்"னு. கம்பெனில பத்து வருஷம் சர்க்யூட் போர்டு ஒட்டினவங்களோட நான் போட்டி போட முடியுமா?

— பதிமூணு வருஷம். அது இருக்கட்டும். உன் கடைக்குள்ள உக்காந்து ஏன் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசிக்கற? காலுக்கு அடியில ரப்பர் பாய் வேற.

— சும்மாதான்.

— கிடாரை எடுக்கறதுக்கு முன்னாடி கம்பியை டெஸ்டரால தொட்டுப் பாத்தியே. நான் கவனிக்கலன்னு நினைச்சியா?

— பயமா இருக்கு அக்கா. வேற என்ன சொல்றது? அன்னிக்கு மேடைல அவனுக்கு ரெண்டடி தள்ளி நின்னவன் நான். அவன் கை கம்பில, உதடு மைக்குல. கத்தினான். எங்க பாட்டே கத்தல்தானே... பாட்டுக்குத்தான் கத்தறான்னு நினைச்சு நான் பாட்டுக்கு வாசிச்சேன். நாலு சுத்து வாசிச்சேன் அக்கா. நாலு சுத்து.

— தண்ணியைக் குடி.

— வேண்டாம்.

— குடின்னா குடி. நான் மட்டும் என்ன? வீட்டுல ஃப்ரிட்ஜைத் துணி சுத்தித்தான் திறக்கறேன். மிக்ஸி சுவிட்சைப் போட எம்பொண்ணைக் கூப்பிடறேன். அப்புறம், பெத்தவ பயந்துக்கிட்டு பிள்ளையை அனுப்பறேனேன்னு ஓடிப்போய்க் கையைத் தட்டி விடறேன்.

— கரண்ட் இன்ஸ்பெக்டர் அறிக்கைல ஹால் பிளக்குலதானே தப்புன்னு எழுதியிருக்காங்க? எர்த்தே இல்லையாமே.

— எர்த் இல்ல, அதனால கிடாரை மாட்டற ஆம்ப்ளிஃபயர், அந்த ஆம்ப் பெட்டி மேல கரண்ட் ஏறிடுச்சு. அது வரைக்கும் எழுதியிருக்காங்க. பெட்டில ஏறினது அவன் கைக்கு எப்படி வந்துச்சு? அவன் பெட்டியைத் தொடவே இல்லையே. கிடாரைத்தானே தொட்டான்.

— அவங்களுக்கு கிடாரைப் பத்தித் தெரியாது அக்கா.

— உனக்குத் தெரியும். உள்ள ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்கே, அதுவா?

— அது எறும்பைக்கூடக் கொல்லாது. நாக்குல வச்சா சுர்ருங்கும்.

— அப்புறம் எதுதான்?

— இப்ப எதுக்கு அக்கா அதெல்லாம்? ஞாயித்துக்கிழமை அவன் நினைவா உங்க பொண்ணு ஒரு பாட்டு வாசிக்கணும், அவ்வளவுதானே? இந்தாங்க, என் கிடாரையே எடுத்துக்கிட்டுப் போங்க.

— மாமா கிடாரைத்தான் வாசிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அதான் தூக்கிக்கிட்டு வந்தேன், அவன் கேட்ட புது செட்டை இதுல மாட்டிக் கொடு.

— அது மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க!

— கத்தாத. ஏன் வேண்டாம்?

— அதைத் திறக்கணுமே. பிக்கப்பு மாத்தணும்னா பின்னாடி மூடியைத் திறக்கணும். என்னால முடியாது.

— பாம்பா இருக்கு உள்ள?

— ஒரு வயர் இருக்கு அக்கா. கம்பியெல்லாம் வந்து உக்காரற இரும்பு இருக்கே, பிரிட்ஜ், அதுல இருந்து உள்ள ஒரு வயர் வரும். பேட்டரி இல்லாத சாதா பிக்கப்புன்னா அதை ஒட்டியே ஆகணும், இல்லன்னா இரையும். ஆனா ஒட்டினா கம்பியும் ஆம்ப் பெட்டியும் ஒண்ணாயிடும். பெட்டில ஏறினது நேரா கம்பிக்கு வந்துடும். ஆக்டிவ் பிக்கப்புக்கு அந்த வயரே வேண்டாம். வெட்டி விட்டுடணும். வெட்டிட்டா பெட்டில என்ன ஏறினாலும் கம்பிக்கு வராது.

— தாடிக்காரர் செட்டுக்கும் வேண்டாமா?

— வேண்டாம்.

— மொட்டையருக்கு?

— ரெண்டுக்குமே வேண்டாம். அது ஒண்ணுலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்க.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த வயர் இல்லாமலே சத்தம் ஒழுங்கா வருமா?

— வரும் அக்கா. பிக்கப்புப் பெட்டிக்குள்ள வர காகிதத்திலயே போட்டிருக்கு.

— அப்ப அந்த வயர் வெட்டியே இருந்திருந்தா...

— அவன் இப்ப இந்த ஸ்டூல்ல உக்காந்து நம்மளைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருப்பான். தாடிக்காரர் செட்டை மாட்டினது நான்தான் அக்கா. அன்னிக்கு மேஜைல மூணு கிடார். முதல் ரெண்டும் சாதா பிக்கப்பு, ரெண்டுலயும் அந்த வயரை ஒட்டினேன். மூணாவது அவனோடது. அதுல வெட்டினேனா, கை பழக்கத்துல விட்டுட்டேனான்னு ஞாபகம் வர மாட்டேங்குது. ஆறு வாரமா யோசிக்கறேன். ஒரு நேரம் வெட்டின சத்தம் காதுல கேக்குது. ஒரு நேரம் ஒண்ணுமே கேக்கல. வெட்டலன்னா அவனைக் கொன்னது ஹால்காரன் மட்டும் இல்ல.

— ஸ்க்ரூ டிரைவரை எடு.

— வேண்டாம் அக்கா. கும்பிடறேன்.

— இந்த மூடியைத் திறக்காமலே என்னால இப்ப எழுந்து வீட்டுக்குப் போயிட முடியும் தம்பி. அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. எடு.

— இந்தாங்க. நான் திறக்க மாட்டேன்.

— கொடு இங்க. கேபிள் மாட்டலையே?

— இல்ல... இருங்க, டெஸ்டரால ஒரு தடவை.

— வெறும் கட்டைடா அது. ஒண்ணு... ரெண்டு... மூணு... இதோ. பாரு.

— நீங்க பாத்துச் சொல்லுங்க.

— எனக்கு எந்த வயருன்னு தெரியணும்ல? நீதான் பாக்கணும். கண்ணைத் திற.

— பேட்டரிக்குப் பக்கத்துல... கறுப்பு வயர். அக்கா. ஒட்டியிருக்கு. ஐயோ, ஒட்டியிருக்கு அக்கா! நான்தான். நான்தான் விட்டுட்டேன். எம்மூஞ்சியைப் பாக்காதீங்க, போயிடுங்க...

— அழாத. விளக்கை இன்னும் கிட்ட இழு.

— இன்னும் என்னத்தைப் பாக்கறது?

— அந்த வயர்ல ஒரு விரல்கடை தள்ளி ரெண்டு நுனியும் சேந்த இடம் தெரியுதா? வெட்டினதை மறுபடி சேத்த இடம். வெட்டினது நீ. இப்ப அந்த ஒட்டைப் பாரு. அது உன் கை வேலையா?

— முத்து மாதிரி இருக்கு.

— ஷோவுக்கு முந்தின நாள் பேட்டரி மாத்தத் திறந்திருக்கான். "அக்கா, உள்ள ஒரு வயர் அறுந்து கிடக்குது"ன்னு கிடாரைக் கொண்டு வந்து என் மடியில வச்சான். அறுந்த வயரைப் பாத்தா எனக்கு ஒட்டத்தானே தம்பி தெரியும்.